அடுத்தவளுக்கான பூட்டு

அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பிடிக்காத காரியம் செய்தவர்களை அவர் எப்படி நடத்துவார் என்று பார்த்தவள் நான். நாமக்கல்லில் அவர் நடத்திய பெண்கள் விடுதியில் தங்கியிருந்த எங்கள் எல்லாருக்கும் அவர் அக்கா. பால்காரருக்கும் அக்கா, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கும் அக்கா, அவரைவிட மூத்தவரான சமையல்கார அம்மாவுக்கும் அக்காதான்.

விடுதி என்றால் பெரிய கட்டடம் இல்லை. லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகள் வரிசையாக இருந்த சாலைக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. பகலெல்லாம் தகரம் தட்டும் சத்தமும் வெல்டிங் புகையும் ஜன்னல் வழியாக உள்ளே வரும். அந்தப் பட்டறைகளில் ஒன்றின் அலுவலகத்தில் எனக்கு வேலை. சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்து இடுப்பு கழன்றுபோகவே, விடுதியில் சேரலாம் என்று முடிவெடுத்தேன்.

சேரப்போன அன்று அத்தாவும் கூட வந்திருந்தார். அக்கா முதலில் கேட்டது ஆதார் அட்டையை அல்ல.

"போனைக் குடு சாமி" என்றார். கொடுத்தேன். எந்த வருடம் பிறந்தாய் என்றார். சொன்னேன். அதையே அழுத்தினார், போன் திறந்துகொண்டது. அதைத் திருப்பி அத்தாவிடம் காட்டினார்.

"பாத்தீங்களா பாய், உங்க புள்ள ஊட்டைத் தொறந்து போட்டுட்டு வெளியூருக்கு வந்திருக்குது."

அத்தா சிரித்தார். "அதுல என்னம்மா இருக்கப்போகுது. அவங்கம்மா அனுப்பின சமையல் வீடியோ இருக்கும்."

"ஒண்ணுமில்லாதப்பவே பூட்டிப் பழகோணுங்க. இருக்கறப்போ பழகலாம்னா அதுக்குள்ள காரியம் கெட்டுப்போயிருமுங்க."

அத்தாவுக்கு அந்தப் பேச்சு விளங்கவில்லை. ஆனாலும் அந்த அம்மாவைப் பிடித்துப்போயிற்று. சத்தம் போடாமல், கண்ணைப் பார்த்து, தறியில் நூல் கோர்ப்பதுபோல் வார்த்தை வார்த்தையாகப் பேசுவார் அக்கா. கழுத்தில் ஒன்றும் இருக்காது. இடது கை ஆட்காட்டி விரல் மட்டும் நடுக்கணுவில் கோணிக்கொண்டு மற்ற விரல்களிலிருந்து விலகி நிற்கும்.

அன்று சாயங்காலமே என் போனுக்கு வேறு பூட்டு வந்தது. எண் கிடையாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சில வார்த்தைகளைக் கோத்து நானே ஒரு வரி உண்டாக்கி, அதை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். விரல் ரேகையில் திறக்கும் வசதியை அணைக்கச் சொன்னார். பூட்டிய திரைமேல் செய்தியின் முதல் வரி ஓடுமே, அதையும் அணைக்கச் சொன்னார். பிறகு ஒரு செயலியை இறக்கச் சொன்னார். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதில் எழுதும் செய்தி நம் போனைவிட்டுக் கிளம்பும்போதே பூட்டிக்கொள்ளும். யாருக்கு எழுதினோமோ அவர் போனில்தான் திறக்கும். நடுவில் இருக்கும் கம்பெனிக்காரனே நினைத்தாலும் படிக்க முடியாது. ஒரு நாள் கழிந்தால் இரண்டு பக்கத்திலும் தானாக அழிந்துபோகும்படி வைத்துக்கொள்ளலாம். அக்கா அதைப் "பூட்டு ஆப்" என்பார். விடுதியில் எல்லாரும், எல்லாவற்றுக்கும் அதில்தான் பேச வேண்டும்.

எல்லாவற்றுக்கும் என்றால் எல்லாவற்றுக்கும்தான். மோட்டாரை நிறுத்தியாயிற்றா, மாடியில் காயும் நீலச் சுடிதார் யாருடையது, இட்லி மாவு புளித்துவிட்டது, இன்றைக்கு உப்புமா. எங்கள் அம்மாக்களுக்கும், ஜாக்கெட் தைக்கும் அக்காவுக்கும், பால்காரருக்கும்கூட அந்தச் செயலியை இறக்கிக் கொடுத்திருந்தார்.

"மாவு புளிச்சதை யாருக்கா ஒளிஞ்சிருந்து படிக்கப்போறாங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"யாரும் படிக்கமாட்டாங்க" என்றார். "ஆனா நாளைக்கு உங்கள்ல ஒருத்திக்கு உசுர் போற சேதி ஒண்ணு இருக்கும். அன்னைக்கு அவ மட்டும் பூட்டினா, பூட்டினவ யாருன்னு பாத்தாலே போதும், அவளைப் புடிச்சுருவாங்க. எல்லாரும் எல்லா நாளும் பூட்டினா அவ கூட்டத்துல ஒருத்தி. நீ மாவு புளிச்சதைப் பூட்டி அனுப்பறது அவளுக்காக."

இதை அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அவர் அன்பு எப்போதும் அப்படி இருக்காது.

ரேவதி என்று ஒருத்தி இருந்தாள். கோழித்தீவனக் கம்பெனியில் வேலை. வாய்த் துடுக்கானவள், மனதில் ஒன்றும் இல்லாதவள். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் இருந்தவளின் போன் திறந்தபடி கிடக்க, அதை எடுத்து, அவளுக்கு ஒரு பையன் எழுதியிருந்ததைக் குரலை மாற்றிச் சத்தமாகப் படித்தாள். நாங்கள் சிரித்தோம். போனுக்குச் சொந்தக்காரிகூட வெட்கத்தோடு சிரித்தாள். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா கரண்டியைத் திருப்பிப் பிடித்து ரேவதியின் நெற்றியில் அடித்தார். ஓங்கிய கையை நாங்கள் பார்க்கவே இல்லை, சத்தம்தான் கேட்டது. புருவத்துக்கு மேல் தோல் பிளந்து இரத்தம் சோற்றில் சொட்டியது.

ரேவதி அழக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா தன் முந்தானையைக் காயத்தில் வைத்து அழுத்தினார். ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையல் போட்டுக் கூட்டிவந்தார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

"வலிக்குதா?" என்றார். ரேவதி தலையாட்டினாள். "நீ படிச்சது வேற ஊட்டுல, வேற ஆள் முன்னாடின்னா, அந்தப் புள்ளைக்கு இதைவிட வலிச்சிருக்கும்."

ரேவதி அந்த மாதமே விடுதியை விட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தோம். போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அக்கா பரிமாற வந்தால் எங்களில் பலர் தலையைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்வோம். நானும்தான்.

என் அண்ணன் ஒரு முறை சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டான். சேலத்தில் செருப்புக் கடை வைத்திருக்கிறவன். பெருநாளைக்கு அடுத்த நாள், கையில் பிரியாணித் தூக்கு. "ஜரீனா இருக்காளா?" என்று வாசலில் கேட்டான். நான் தலையில் எண்ணெய் தேய்த்தபடி கதவுக்குப் பின்னால்தான் நின்றேன்.

"அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்றார் அக்கா.

"என் தங்கச்சிங்க. நான்தான் முதல் மாசம் சாமான் கொண்டாந்து இறக்கினேன். உங்களைத் தெரியுமே எனக்கு."

"எனக்கு யாரையும் தெரியாதுங்க. அவங்களுக்குப் போன் போட்டுப் பாருங்க. இருக்கறாங்கன்னா அவங்களே சொல்லுவாங்க."

அண்ணன் வாசலில் நின்று எனக்குப் போன் போட்டான். உள்ளே மணி அடித்தது. அக்கா அசையவில்லை. நான் எடுத்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போன பிறகுதான் அவனுக்கு நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தார். அவன் கோபம் ஆற ஒரு வாரம் ஆயிற்று. பிரியாணியை மட்டும் அன்றே தீர்த்துவிட்டோம்.

விரல் கதையை அவர் எனக்குச் சொன்னது ஒரு மத்தியானம், சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. விரல் ரேகை எவ்வளவு சுலபம், எதற்கு இவ்வளவு நீளமாக அடிக்க வேண்டும் என்று நான் முணுமுணுத்தேன். அவர் கோணல் விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என்ற ஊட்டுக்காரன் ரிக் வண்டி வெச்சிருந்தான். போர் போட வடக்க போனா மாசக்கணக்கா வரமாட்டான். வந்தா என்ற மேல போர் போடுவான்." வெங்காயத் தோலை ஊதித் தள்ளினார். "ஒரு நாள் நான் படுத்திருக்கறப்போ விரலை எடுத்துப் போன்ல வெச்சான். முழிச்சுக்கிட்டேன், விரலை மடக்கிக்கிட்டேன். நிமித்தினான். ஒடிஞ்சுருச்சு. ஒடிஞ்ச விரலுக்கும் அந்தப் போன் தொறந்துச்சு சாமி. அதுக்கென்ன தெரியும், யாரு புடிச்சு வெச்சதுன்னு."

போனில் இருந்தது ராசிபுரத்தில் இருந்த அவருடைய பள்ளிக்கூடத்துத் தோழியின் செய்திகள். துணியை எடுத்துக்கொண்டு வந்துவிடு, இங்கே ஒரு வேலை பேசி வைத்திருக்கிறேன், பிள்ளைகளோடு பிள்ளையாக இரு என்று எழுதியிருந்தாள். அதை முழுக்கப் படித்தபின் அவன் அக்காவை அடித்தான். அது வழக்கம்தான். பிறகு தம்பியைக் கூட்டிக்கொண்டு ராசிபுரத்துக்குப் போனான். ரிக் வண்டிக் குழாய்களைக் கழற்றும் பெரிய ஸ்பேனரால், அந்தத் தோழியை அவள் பிள்ளைகள் பார்க்கவே அடித்தான். அவளுக்கு ஒரு காது போய்விட்டது. வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

"அவ இப்போ என்ற கூடப் பேசறதில்ல" என்றார் அக்கா. "பேசவும் வேண்டாம். அவ என்ன தப்புப் பண்ணினா? எனக்கு எழுதினா. நான் அதைச் சும்மா வெச்சிருந்தேன், படிச்சுப் படிச்சுப் பாக்கலாம்னு."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"உன்ற போன்ல இருக்கறது பூரா உன்னுதுன்னு நெனைக்காதே சாமி. பாதி அடுத்தவளுது. உன்னை நம்பி எழுதினது. உன்ற பூட்டு உனக்கில்ல, அவளுக்கு."

"பூட்டியிருந்தா மட்டும்? அடிச்சுக் கேட்டா சொல்லித்தானே ஆகணும்?"

"சொல்லிருவ. நானும் சொல்லிருவேன். அடிக்கறவன் முன்னாடி எவளும் ரொம்ப நேரம் நிக்கமுடியாது, சினிமா இல்ல இது. அதனாலதான் அழியற மாதிரி வெக்கச் சொல்றேன். தொறந்தாலும் உள்ள ஒண்ணும் இருக்கப்படாது."

நித்யா எங்களோடு தங்கியிருந்தவள். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஊர். பண்ணையும் தோட்டமும் உள்ள குடும்பம். முட்டையும் தீவனமும் பரிசோதிக்கும் ஒரு கூடத்தில் வேலை பார்த்தாள். யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். கூடப் படித்த ஒருவனை அவள் விரும்புகிறாள் என்பதும், அவன் அவர்கள் ஊரில் வீட்டுக்குள் விடப்படாத தெருவைச் சேர்ந்தவன் என்பதும் அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. ஒரு வாரத்தின் நடுவில் நித்யா எனக்குப் பூட்டு ஆப்பில் ஒரு வரி எழுதினாள். சேலத்தில் இருந்து பெங்களூருக்குக் காலையில் பஸ் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததை எழுதினேன். வேலை விஷயமாக இருக்கும் என்று நினைத்தேன். வியாழக்கிழமை, ஊருக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வந்தார்கள். துணி துவைத்து, தலை குளித்து, எல்லாரும் வீட்டில் இருந்த நேரம். பட்டறைகள் லீவு என்பதால் தெருவே அமைதியாக இருந்தது. வெள்ளைக் கார் ஒன்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. நித்யாவின் அண்ணன், பெரியப்பா, இன்னும் சில ஆட்கள். அண்ணனை நாங்கள் முன்பே பார்த்திருக்கிறோம். தங்கைக்கு மாம்பழக்கூடை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போவார்.

"ஏனுங்க, யாரைப் பாக்கோணும்?" என்று அக்கா வாசலுக்கு வந்தார். அண்ணன் அவர் தலைமுடியைப் பிடித்து உள்ளே தள்ளினார். கடைசியாக வந்தவன் கதவைத் தாழிட்டான். இன்னொருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் படம் எடுக்க ஆரம்பித்தான்.

எங்கள் போன்களைச் சாப்பாட்டு மேசையில் குவிக்கச் சொன்னார்கள். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றவளின் கன்னத்தில் அறைந்தார்கள். ரேவதியைச் சுவரோடு மோதினார்கள். பழைய தையல் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடியும் பிளந்தது. என் முறை வந்தபோது நான் அடிக்குக் காத்திருக்கவில்லை. என் வரியைத் தட்டித் திறந்து கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் பஸ் நேரம் ஞாபகம் வந்தது.

அண்ணன் பூட்டு ஆப்பைத் திறந்தார். நித்யா பெயர் இருந்தது. அழுத்தினார். உள்ளே வெள்ளையாக இருந்தது. செய்திகள் ஒரு நாளில் அழியும் என்ற வரி மட்டும் மேலே நின்றது.

"ஏன் காலியா இருக்குது?" என் முடியைப் பிடித்துத் தலையைத் திருப்பினார். "அவகூட என்ன பேசினே? எதுக்கு அழிச்சே?"

"நான் அழிக்கலீங்க. எல்லாமே அப்படித்தாங்க இருக்கும். எங்கம்மாகிட்ட பேசினதைப் பாருங்க."

அவர் பார்த்தார். அம்மாவோடு பேசியதும் காலி. தையல்கார அக்கா காலி. பால்காரர் காலி. அடுத்த போன், அதற்கடுத்த போன் எல்லாவற்றிலும் நித்யாவின் பெயர் இருந்தது, எல்லாமே காலி. அன்றைக்கு எழுதியது மட்டும் இருந்தது. மோட்டாரை யார் நிறுத்தாமல் விட்டது என்ற சண்டை. ஏதாவது ஒருத்தியின் போனில் மட்டும் அப்படி இருந்திருந்தால், அவளை அங்கேயே கிழித்திருப்பார்கள். எல்லாரும் ஒன்றாக இருந்ததால் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் எல்லாருக்கும் ஆளுக்கு ஓர் அறை கொடுத்துவிட்டு, அக்காவின் பக்கம் திரும்பினார்கள்.

அவர் போனில் முதலில் வலது கட்டைவிரலை வைத்து அழுத்தினார்கள். பிறகு ஒவ்வொரு விரலாக. கோணல் விரலை வைப்பதற்காக நெரித்தபோதுதான் அக்கா முதன்முதலாகக் கத்தினார். எதற்கும் திறக்கவில்லை. சமையலறைக் கதவுக்கு அண்டை கொடுக்க வைத்திருந்த இரும்புக் குழாயைப் பெரியப்பா எடுத்தார். முதல் அடி தோளில். "எங்கே எங்க புள்ள?" அடுத்தது முழங்காலில். "தெரியாதுங்க." அடுத்தது முகத்தில். தாடை உடைந்த சத்தம், காய்ந்த குச்சியை முறித்ததுபோல இருந்தது. அக்கா சமையல்கார அம்மாவின் காலடியில் விழுந்தார். அந்த அம்மா கும்பிட்ட கையை இறக்காமல் நின்றுகொண்டே இருந்தார்.

"சொல்றேன்" என்றார் அக்கா.

அவர் வாய் இரத்தத்தால் நிறைந்திருந்தது. வார்த்தைகள் உருவம் இல்லாமல் வந்தன. அண்ணன் குனிந்து காதைக் கிட்டே வைத்து, பூட்டின் வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டுப் போனில் தட்டினார். எருமை. பஞ்சு. ஸ்பேனர். திருவாதிரை. உடைந்த தாடையோடு அந்த மூன்றாவது வார்த்தையைச் சொல்ல அக்காவால் முடியவில்லை. அண்ணனுக்குப் புரியவில்லை, தப்பாகத் தட்டினார், போன் திறக்கவில்லை. ஏமாற்றுகிறாள் என்று பெரியப்பா குழாயை ஓங்கினார். அக்கா மறுபடி சொன்னார். மறுபடியும் தப்பு. மறுபடியும் அடி. கடைசியில் ரேவதிதான், நெற்றியைப் பொத்திக்கொண்டே, "ஸ்பேனர்ங்கறாங்க" என்றாள். எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாள்.

திறந்தது. பல்லாரி வெங்காயம் விலை ஏறிவிட்டது, சின்ன வெங்காயமே வாங்கட்டுமா என்று சமையல்கார அம்மா காலையில் கேட்டிருந்தார். சரி என்று அக்கா பதில் போட்டிருந்தார். அவ்வளவுதான் இருந்தது. கூப்பிட்ட எண்களில் ஒன்றும் இல்லை. படங்களில் விடுதியின் கரண்ட் பில்.

அண்ணன் அதை வெகுநேரம் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பிறகு மேசையில் வைத்தார். "இவளுக்குத் தெரியாது பெரியப்பா" என்றார். இத்தனை அடிக்குப் பிறகு திறந்து காட்டியதில் ஒன்றும் இல்லையே. அவர்கள் அக்காவின் வாயை நம்பவில்லை, போனை நம்பினார்கள். கிளம்பும்போது ஒருவன் மேசையைக் கவிழ்த்தான். எங்கள் போன்கள் தரையில் சிதறின. அக்கா கண்ணைத் திறந்து, விழுந்து கிடந்த இடத்திலிருந்தே, அவர்கள் கால்கள் வாசலைத் தாண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாடையைக் கம்பியால் கட்டி, திரவ ஆகாரம் மட்டும் என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். சில பெற்றோர் அதற்குள் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் அக்காவைக் கட்டிலில் உட்காரவைத்துச் சுற்றி நின்றோம். அழுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் போனை எடுத்து எங்கள் எல்லாருக்கும் ஒரே செய்தியை எழுதினார். நீங்கள் போனில் வார்த்தையை அடிக்கும்போது அவர்கள் பின்னால் நின்று பார்த்தார்கள், எல்லாரும் இப்போதே வார்த்தையை மாற்றுங்கள். ரேவதி சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு அழுகையாகி, கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அக்கா அவள் தலைமேல் கை வைத்தார். மற்றவர்கள் அங்கேயே நின்று மாற்றினோம்.

அவர்களைப் பிடித்துக்கொடுத்தது அவர்களே எடுத்த படம்தான். சொந்தக்காரர்களுக்குள் பெருமையாக அனுப்பிவைத்தது, கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் சுற்றி, போலீஸ்காரர்களின் கைக்கும் வந்துவிட்டது. ரேவதிக்கு அதில் ஒரு சந்தேகம். "அவனுங்களும் பூட்டு ஆப்புல அனுப்பியிருந்தா தப்பிச்சிருப்பானுங்கதானே? அப்போ இது கெட்டவனுக்கும் வசதிதானேக்கா?" என்று கேட்டாள். தாடைக் கம்பியை எடுத்திருந்த சமயம். அக்கா மெதுவாக, வாயின் ஒரு பக்கத்தால் பேசினார்.

"அவனும் போட்டா போட்டுட்டுப் போறான். அவன் அடிச்சதுக்குச் சாட்சி என்ற மூஞ்சி இருக்குது."

வழக்கு நடந்தபோது நான் கல்யாணமாகி அயோத்தியாப்பட்டணத்துக்கு வந்துவிட்டேன். சாட்சி சொல்ல நாமக்கல்லுக்குப் போனேன். அக்காவின் முகம் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அவரையே சுற்றிச் சுற்றிக் கேட்டார். ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் எதற்கு இத்தனை பூட்டு, வயசுப் பெண்களுக்கு மறைத்துப் பேசக் கற்றுக்கொடுப்பதுதான் உங்கள் தொழிலா, குடும்பத்துக்குத் தெரியக் கூடாத எதை அங்கே மறைத்தீர்கள் என்று கேட்டார்.

அக்கா தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். கொஞ்சம் வாயோரம் வழிந்தது, துடைத்துக்கொண்டார்.

"பூட்டு இல்லாம இருந்திருந்தா இது அடிதடிக் கேஸா இருந்திருக்காதுங்க. கொலைக் கேஸா இருந்திருக்கும்" என்றார்.

வக்கீல் அடுத்த கேள்விக்குப் போனார். நித்யாவின் அண்ணன் கூண்டில் தலையைக் குனிந்தபடி நின்றார். எனக்கு அவர் கொண்டுவந்த மாம்பழங்கள் ஞாபகம் வந்தன. அவற்றை நானும் தின்றிருக்கிறேன். பின்னால் அவருக்கும் பெரியப்பாவுக்கும் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு செய்து பெரியப்பா வெளியே வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அன்று சாட்சி முடிந்து வெளியே வந்து ஒரு ஜூஸ் கடையில் உட்கார்ந்தோம். அக்கா சாத்துக்குடிச் சாற்றை ஸ்ட்ராவைப் பல்லில்லாத பக்கம் வைத்து உறிஞ்சினார். வெகுநாளாக என் மனதில் இருந்ததைக் கேட்டேன். பஸ் நேரம் சொன்னவள் நான். அன்றைக்கு அறை வாங்கியவளும் நான். பிறகு நடந்தது தெரியாமலே இருப்பது பாரமாக இருந்தது.

"எங்க இருக்கான்னு கேக்கலக்கா. அதைச் சொல்லவே வேண்டாம். நித்யா நல்லா இருக்காளா, அது மட்டும் சொல்லுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். கோணல் விரலால் என் கன்னத்தில் இருந்த ஏதோ தூசியைத் தட்டிவிட்டார். அந்தக் கண்களில் பிரியம் இருந்தது. அந்தப் பிரியத்தில் எனக்கு இடம் இருந்த அளவுக்கு, நம்பிக்கையில் இடம் இல்லை என்பதும் தெரிந்தது.

"நல்லா இருக்கறான்னு நான் சொன்னா, அவகூட எனக்குப் பேச்சு இருக்குதுன்னு ஆயிருமே சாமி" என்றார். "எனக்கு யாரையும் தெரியாது."

சாற்றைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டு, தம்ளரை மேசைமேல் வைத்தார்.